பாண் என்றால் பாண்தான்

கொட்டாஞ்சேனையில் மீற்றர் போடாமல் ஓட்டோ ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மீற்றர் பிசகாமல் பாட்டுக் கட்டுகிற ஓட்டோக்காரன் உலகத்திலேயே ஒருவன்தான். அதனால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே மீற்றர்.

எங்கள் ராப் குழுவின் பெயர் ‘மூண்டு சில்லு’, ஓட்டோவின் மூன்று சக்கரம் போல மூன்று பேர். எழுதிப் பாடுவது மீற்றர். பீட் போடுவது எங்கள் ஒழுங்கையிலேயே இருந்த ஷாஃபி. மூன்றாவது சில்லு நான். ஒவ்வொரு வரி முடிவிலும் ‘ஓம்!’ என்று ஆமோதித்துக் கத்துவதுதான் என் கலைச்சேவை.

ரைம் ஒன்று கிடைத்துவிட்டால் மீற்றருக்கு உலகம் மறந்துபோகும். வெள்ளவத்தைக்குப் போக ஏறிய அன்ரி ஒருவரை, நேரெதிர்த் திசையில், ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

“தம்பி, இது வெள்ளவத்தை இல்லையே!”

“‘என் தலை’க்கு என்ன போடலாமெண்டு யோசிச்சன் அன்ரி. ‘ஹெந்தளை’ வந்து விழுந்திட்டுது. சந்தோசத்தில இஞ்சால திருப்பிட்டன்.”

அன்ரி பேசிய பேச்சில் பாதி அடுத்த பாட்டில் வந்தது. பூசை நடுவில் எழும்பி, “ஃபாதர், தாளம் இழுபடுது” என்றவனும் இவன்தான்.

பிறகு ‘கையில பாண், முன்னால நான்’ பாட்டு வந்தது. காலையில் கடைக்குப் பாணும் பருப்பும் வாங்கப் போகிறவனின் வீரப்பிரதாபம், அவ்வளவுதான். வெள்ளவத்தை டியூஷன் வாசல்கள் எல்லாம் அதே பாட்டு. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியும் வெளியிடக் கேட்டது. ஷாஃபிக்கு அப்போது கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. “இது நடந்தா நான் போகல்ல மச்சான்” என்றான்.

சென்னைக்காரர் போனில் வந்தார்.

“பாட்டு சூப்பர் சார். ஆனா அந்த பாண்... வெத்தலையில மடிச்சுத் தருவாங்களே, அதுதானே?”

“வெத்தலைக்குள்ள பருப்பு வைச்சு ஆராவது திண்டவையோ?” என்றான் மீற்றர்.

“பிரெட்டுன்னு மாத்திடுங்க சார். மத்ததெல்லாம் ஓகே.”

போன் பறக்கப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். மீற்றர் ஷாஃபியைப் பார்த்தான். “ஓம்” என்றான். அது என் வரி. அவ்வளவு மெதுவாக நான்கூடச் சொன்னதில்லை.

ஷாஃபியின் அறையில் புதிதாகப் பாடினான். ‘கையில பிரெட்டு, முன்னால கேட்டு.’ பாண் போனதும் அதோடு சேர்ந்து ‘நான்’ என்பதும் போய்விட்டது.

ஷாஃபி ஹெட்போனைக் கழற்றினான். “நிப்பாட்டு. இதில நீ எங்கடா?”

“நீ போகாட்டி எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

“உன்ர மூஞ்சி இப்பிடி இருக்கிறதப் பாக்கவா நான் இஞ்ச நிக்கணும்?” என்று சொல்லிப் பாடியதை அழித்தான். பாண் பாட்டையே அனுப்பினான். சென்னையிலிருந்து பிறகு சத்தமே இல்லை.

ஷாஃபி கட்டாருக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்கு மீற்றரின் ஓட்டோவில்தான் போனோம். பெட்டி என் மடியில். வத்தளையில் நேரே போகவேண்டியவன் ஹெந்தளைப் பக்கம் திருப்பிவிட்டான்.

ஷாஃபி சிரித்தான். “என்ன ரைம்டா விழுந்திச்சு?”

மீற்றர் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒண்டும் வரேல்லடா.”

ரைம் இல்லாமல் அவன் வழி தவறியது அந்த ஒரு தடவைதான்.