பி சைடு அண்ணனும் ஏணி ரெக்கார்டும்

பினாங்குத் தீவிலேயே கை கால் கழுவிவிட்டு வந்து ராக் இசை கேட்ட ஒரே மனிதர் பி சைடு அண்ணன்தான். தீவு என்ன தீவு, மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்துவிட்டார் என்று யாராவது எழுதினால், அந்த ஆளை நேரில் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

எழுபதுகளில் சுங்கை பினாங்கில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள் இருந்தோம். எனக்கும் குண்டு சேகருக்கும் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த் போனால், சாயங்காலம் மெஷின் எண்ணெய் வாசத்தோடு திரும்புவோம். அண்ணன் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. எங்களைவிட நன்றாக மூத்தவர். ஒல்லி உடம்பு, படிய வாரிய தலை, கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. பார்க்கிறவர்கள் தேவாரம் பாடுகிறவர் என்று நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அறைக் கதவைத் திறந்தால் எலக்ட்ரிக் கிதார் அலறும்.

எந்த ரெக்கார்டு வாங்கினாலும் மறுபக்கத்தைத்தான் முதலில் போடுவார். பி சைடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏ சைடு விருந்தாளிக்கு லா தம்பி. சட்டை போட்டுக்கிட்டு முன்னறையில உக்காந்து பேசுறது. வீட்டுக்காரன் மனசுல என்னா இருக்குன்னு தெரியணும்னா சோறாக்குற குசினிக்குப் போவணும். பி சைடுதான் குசினி."

அவர் கொண்டாடியது ஒரே ஒரு குழுவை. இங்கிலாந்துக்காரர்கள், ஐந்து பேர், எல்லாருக்கும் தாடி. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரி, அண்ணன் அந்தக் குழுவின் பெயரைச் சொல்லவே மாட்டார். "அவங்க" என்பார். ரெக்கார்டு கடைக்குப் போய் "அவங்களது புதுசு வந்திருக்கா?" என்று மலாயில் கேட்பார். கடைக்காரச் சீனர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சரியான ரெக்கார்டை எடுத்து நீட்டுவார். அண்ணன் காத்த மரியாதையை நான் கெடுக்க விரும்பவில்லை. நானும் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

ஆல்பங்களுக்கும் அவர் வைத்ததுதான் பெயர். அட்டையில் குடை இருந்தால் 'குடை', நாற்காலி இருந்தால் 'நாற்காலி'. சுவரில் சாய்த்த ஏணி இருந்தது 'ஏணி'. எது சிறந்தது என்ற சண்டை எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்த நாளில்கூட ஓயவில்லை. சேகருக்குக் குடை, எனக்கு நாற்காலி, அண்ணனுக்கு ஏணி. ஒருமுறை சேகர் வாய் சும்மா இருக்காமல், "ஏணி கேட்டா தூக்கம் வருதுண்ணே" என்று சொல்லிவிட்டான். அன்று சமையல் முறை அண்ணனுடையது. எனக்கு ஊற்றிய ரசத்தில் உப்பு இருந்தது, சேகருக்கு ஊற்றியதில் இல்லை. ஒரே பானை ரசத்தில் அதை எப்படிச் சாதித்தார் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் புரளி. அந்தக் குழுவைப் பற்றி உலகத்தில் எந்த மூலையில் என்ன புரளி கிளம்பினாலும், எப்படியோ கப்பலேறி அண்ணன் காதுக்கு வந்துவிடும். மாலுமிகள் சொன்னது, கிழிந்த பத்திரிகையில் படித்தது, இவராகக் கண்டுபிடித்தது எல்லாம் கலந்து கிடக்கும். பாடகர் பத்து ஃபிரிங்கி என்கிற கடற்கரையில் ஹிப்பிகளோடு மாறுவேடத்தில் இருக்கிறார் என்று ஒரு சமயம் நம்பினார். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரை ஃபெர்ரியில் பின்தொடர்ந்து போய், குடை அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அந்த மனிதர் பாதிரியார். அட்டையில் கையெழுத்துப் போட்டதோடு, அண்ணன் தலையில் கை வைத்து ஜெபமும் செய்து அனுப்பினார். "வேஷத்த கலைக்கவே இல்ல லா, கெட்டிக்காரன்" என்று அண்ணன் வீட்டுக்கு வந்து மெச்சிக்கொண்டார்.

குடை அட்டையில் ஐந்து பேர் நிற்பார்கள், தரையில் நான்கு நிழல்தான் விழும். டிரம்ஸ் அடிக்கிறவருக்கு நிழல் இல்லை. ஆகவே அவர் இறந்துவிட்டார், அதை மறைக்கிறார்கள் என்று புரளி. மற்ற ரசிகர்கள் இதைப் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அண்ணனுக்கு அது முடியவில்லை. ஆடி அமாவாசை அன்று எங்களையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். தர்ப்பணம் செய்துவைக்கிற அய்யர் வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் பண்ணணும்?"

"வேண்டியவருக்கு."

"பேரு?"

அண்ணன் பெயர் சொல்ல மாட்டாரே, சேகரைப் பார்த்தார். சேகர் அய்யர் காதில் சொன்னான். அய்யர் எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"கோத்திரம்?"

"இங்கிலீஷ்," என்றார் அண்ணன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் கூட்டம் நின்றது. தெரியாதவர்களுக்கெல்லாம் சிவ கோத்திரம் என்று சொல்லி, அந்த வெள்ளைக்காரப் பெயருக்கு ஒரு சமஸ்கிருத வாலையும் ஒட்டி, அய்யர் எள்ளும் தண்ணீரும் விடச் செய்து முடித்தார். கொஞ்ச நாள் கழித்து ஓர் ஆங்கில வார இதழில் அதே டிரம்ஸ்காரர் மாலையும் கழுத்துமாகக் கல்யாணக் கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். சேகர் அதை எடுத்துவந்து சாப்பாட்டு மேசைமேல் விரித்தான். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது அவரோட தம்பி லா. ஒரே ஜாடை."

இதெல்லாம் சிரித்துவிட்டு மறக்கிற கதை. ஏணி விஷயம் அப்படியில்லை.

ஏணியின் பி சைடில் கடைசிப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்கும். ஊசி நடுக் காகிதத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு கதவு திறக்கிற சத்தம் வரும். கரகரப்புக்கு நடுவில் ஓர் ஆள் ஏதோ சொல்வான், அதோடு முடிந்துவிடும். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினார்.

"இருமுறான்ணே," என்றான் சேகர்.

"ஒழுங்கா கேளு லா. 'சரி லா, வரேன்.' கேக்குதா?"

திரும்பப் போட்டார். பெட்டியில் காதை ஒட்டவைத்தேன். சரி லா, வரேன். அப்பட்டமாக அதுதான். ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால் அப்புறம் வேறு மாதிரி கேட்கவே கேட்காது.

"தமிழன்தான். அதுலயும் 'லா' போட்டுப் பேசுறான்னா மெட்ராஸ்காரன் இல்ல, கொழும்புக்காரன் இல்ல. நம்ம ஊரு ஆளு," என்றார் அண்ணன். ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, "எங்க பெரியண்ணன்," என்றார்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே எங்களுக்குத் தெரியும். தைப்பிங்கில் அவர்கள் வீடு. மூத்தவர் அம்மாவோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு, பினாங்கு வந்து ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறி, இங்கிலாந்துப் பக்கம் போனவர். அப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் வீடுகளில் அந்த வார்த்தையை வாசற்படியில் நின்று யார் சொல்வார்கள்? கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூட "வரேன்" என்றுதானே சொல்வான். பிள்ளை போனதைவிட அந்த வார்த்தைதான் அம்மாவை அரித்துக்கொண்டிருந்தது. ஒருதரம் வரேன்னு சொல்லியிருக்கலாம் என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தாராம். அம்மா இறந்தும் கொஞ்ச நாள் ஆகிவிட்டதாம்.

ஏணி பதிவானது இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் என்று அட்டையின் பின்பக்கம் போட்டிருந்தது. அங்கே கப்பலைவிட்டு இறங்கிய பெரியண்ணன், ஸ்டூடியோவில் டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்திருக்கிறார், கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் சொல்லியிருக்கிறார். இதுதான் அண்ணனின் முடிவு. சேகர் இதைக் கேலி செய்யவில்லை. அவனுக்கும் அண்ணன் தன் ரசத்தில் உப்புப் போடாததற்கு அன்றுதான் காரணம் புரிந்தது.

விஷயம் வெளியே பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரலைக் கேட்க பட்டர்வொர்த்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் சத்தியம் செய்தார்கள். முனைக் காப்பிக்கடை தவுக்கே, அந்தச் சீன முதலாளி, ஒருநாள் மாடியேறி வந்து கேட்டுவிட்டு, அது தங்கள் ஹொக்கியன் பாஷை, யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறான் என்று அடித்துச் சொன்னார். அண்ணன் அவரோடு கொஞ்ச நாள் பேசாமல், காப்பிக்கு அடுத்த தெருவுக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒரு சின்ன அறை, வியர்வை, வாய் மூடிக் காத்திருக்கிற அத்தனை பேர். அப்படி ஓர் அமைதியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

அப்புறம் வழக்கம்போல ஆளுக்கொரு திசை. சேகர் ஜொகூர் பக்கம் போய்விட்டான். எனக்குக் கல்யாணமாகி, தொண்ணூறுகளில் புக்கிட் தெங்காவில் குடியிருந்தேன். அண்ணன் மட்டும் அதே சுங்கை பினாங்கில் தனியாக இருந்தார். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரியில் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நேரத்தில்தான் ஏணி சீடியாக வெளிவந்தது. அண்ணனுக்குக் காட்டலாம் என்று ஆசையோடு வாங்கிவந்து, அவர் வருவதற்கு முதல்நாள் மத்தியானம் தனியாகப் போட்டுக் கேட்டேன். கரகரப்பெல்லாம் போய், ஒவ்வொரு கம்பியும் துல்லியமாகக் கேட்டது. கடைசியில் கதவு திறந்தது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். இந்தக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. குசினியிலிருந்தே, "யாருங்க அது, சாரி கேக்குறான்?" என்றாள்.

"என்ன சொல்றான்?"

"'சாரி லாட்ஸ், வீ ஆர் ரன்னிங்'னு சொல்றான். டேப் ஓடிக்கிட்டு இருக்குதாம்."

திரும்பப் போட்டேன். அசல் இங்கிலாந்துக்காரன் குரல். டேப் ஓடுவது தெரியாமல் கதவைத் திறந்தவன், பையன்களா மன்னியுங்கள் என்கிறான். இதை அண்ணன் கேட்கக் கூடாது. அந்தச் சீடியை எங்காவது ஒளித்துவைத்திருக்க வேண்டும். மறந்து மேசைமேலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் அண்ணன் வந்ததும் கண்ணில் பட்டது அதுதான். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பி சைடு எங்க லா?"

"இதுக்கு மறுபக்கம் கிடையாதுண்ணே."

"என் மூஞ்சிதான் தெரியுது," என்று கொஞ்ச நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடு," என்றார்.

சாப்பிடலாம் என்றேன். கரண்ட் போகும் போலிருக்கிறது என்றேன். இருக்கிற சாக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் அசையவில்லை. முழுவதும் கேட்டார். கடைசிப் பாட்டு தேய்ந்தது, கதவு திறந்தது, அந்த ஆள் தன் மன்னிப்பைத் தெளிவாகக் கேட்டுவிட்டுப் போனான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, சீடியில ஏதோ மாத்திட்டாங்கண்ணே. பழைய குரல வெட்டிட்டு வேற ஆளப் பேச வச்சிட்டாங்களாம். இங்கிலாந்துல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"புரளியா? நீயா கிளப்புற? பரவால்ல லா, தேறிட்ட."

நான் சீடியை வெளியே எடுத்து உறையில் போட்டேன்.

"எனக்கு எப்பவோ தெரியும் தம்பி. வெள்ளைக்காரக் கேப்டனுங்களோட தெனம் பேசுறவன் நான். மொத தடவ கேட்டப்பவே தெரியும்." தண்ணீரை எடுத்துக் குடித்தார். "லீவுல பாட்டுப் பெட்டிய தூக்கிக்கிட்டு தைப்பிங் போயிருந்தேன். சும்மாத்தான் போட்டேன். அம்மா அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்திச்சி. அந்தக் கொரல் வந்திச்சி பாரு, மொறத்த போட்டுட்டு ஓடி வந்திச்சி. 'டேய், பெரியவன்டா! வரேன்னு சொல்றான்டா!'ன்னு. இல்லம்மா, அது வேற ஆளுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அன்னைக்குத்தான் வயிறு நெறைய சாப்பிட்டிச்சி. சாவுற வரைக்கும் நான் போறப்பல்லாம் அதப் போடச் சொல்லும்."

"அப்ப நீங்க நம்பவே இல்லையாண்ணே? இத்தன வருஷமா?"

"அம்மா இருக்குறப்ப அது நம்பிச்சி. அது போனப்புறம் நம்புறதுக்கு ஒரு ஆள் வேணும்ல தம்பி? இல்லாட்டி அவன் போறேன்னு சொன்னதுதான மிஞ்சும்? அதான் நான் நம்ப ஆரம்பிச்சேன். பழகப் பழக நெசமாவே கேட்டிச்சி லா."

பிறகு சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லி இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

அண்ணன் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவருடைய ரெக்கார்டுகளும் பெட்டியும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியைப் போடுகிறேன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் குசினிக் குழாயை மூடிவிடுகிறாள். கதவு திறக்கிறது. பெரியண்ணன் சொல்கிறார். எனக்கு நன்றாகவே கேட்கிறது.

நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. நான் இருக்கிறேன், அண்ணே.