மாமியாருக்குப் போட்ட கோடு

திருத்துறைப்பூண்டி,
18 பிப்ரவரி 2018

நாகூர் ஜனாப் ஜெகபர் அலி அவர்களின் மேலான சமூகத்திற்கு, திருத்துறைப்பூண்டி பிளாஸ்டிக் சாமான் கடை பக்கீர் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே நாங்கள் அனைவரும் சுகம், என் நெற்றியைத் தவிர. நெற்றியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே தாங்களும், தங்கள் தாயார் அவர்களும், கண் ஆபரேஷன் முடித்திருக்கும் தங்கள் வீட்டம்மா ஹலீமா நாச்சியா அவர்களும், சிங்கப்பூரில் இருக்கும் தங்கள் மகன் சுஹைபும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். ‘சம்பந்தி’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாததால் ‘ஜனாப்’ என்று போட்டிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். நான் போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. சரி, வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பிவிடுவோம் என்று மனசில் உள்ளதையெல்லாம் கொட்டி, கடைசியில் கொஞ்சம் அழுதும்கூட அனுப்பினேன். அது உங்களுக்கு வராமல் பிளாஸ்டிக் வியாபாரிகள் குரூப்புக்குப் போய்விட்டது. அவர்கள் அனைவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மன்னார்குடி வியாபாரி ஒருவர் மட்டும் ‘பாய், பக்கெட் மூடி எப்ப வரும்’ என்று கேட்டிருந்தார். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு எங்கள் பெண் ஆஷிகாவைப் பார்க்க வந்தீர்கள். பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே போட்டோ பார்த்து, போனில் பேசி, சரி என்று சொல்லிவிட்டன. பெரியவர்கள் உட்கார்ந்து நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. என் வீட்டுக்காரி நஃபீசா காலையிலிருந்து அடுப்பங்கரையில் நின்று முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலாப்பம் செய்திருந்தாள். அது மேசைக்கு வரும் நேரத்தில் உங்கள் வீட்டம்மா அஸர் தொழ உள்ளே போனார்கள். போனவர்கள் தொழுகை முக்காட்டோடு அப்படியே வெளியே வந்து, “எழும்புங்க, போவோம்” என்றார்கள். நீங்கள் ஏன் என்றுகூடக் கேட்காமல் எழுந்தீர்கள். நீங்கள் கையில் வைத்திருந்த வட்டிலாப்பத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்ததை நான் பார்த்தேன். அதிலிருந்தே நீங்கள் நல்ல மனிதர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் தரகர் யூனுஸ் வந்து காரணத்தைச் சொன்னார். ஆஷிகா அடுத்த அறையில் தன்னோடு வேலை பார்க்கும் ஷிஃபா என்ற பெண்ணோடு போனில் பேசியதை உங்கள் வீட்டம்மா கேட்டிருக்கிறார்கள். யூனுஸ் சொன்னபடியே எழுதுகிறேன்: “மாமியாரா? மாமியாருக்குன்னே தனியா ஒரு கோடு இருக்குடி. யோசிக்காம அதைப் போட்டுத் தள்ளு. போட்டாத்தான் பணம் வரும். அப்படியே அந்த வாத்து கேஸையும் முடிச்சிரு.”

ஜனாப், இதைக் கேட்டு எந்த மாமியாராக இருந்தாலும் எழுந்துதான் போவார்கள். கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியாருக்குக் கோடு போட்டு, ‘இதைத் தாண்டி வராதே’ என்று நிறுத்தப்போகிற மருமகள் என்று நினைத்ததில் தப்பே கிடையாது. நானே அந்தக் கோட்டு விஷயத்தில் ஏமாந்தவன்தான். ஆஷிகா திருச்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது “மெடிக்கல் கோடிங் அத்தா” என்றாள். எனக்குப் புரிந்தது கோடு மட்டும்தான். பொண்ணு திருச்சியில் பெரிய கம்பெனியில் கோடு போடுகிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். வாத்து மேய்க்கிற வீரையன் மட்டும் சந்தேகமாக, “சர்வேயர் ஆபீஸா பாய்? நம்ம வாய்க்கா வரப்பு தகராறுக்கு ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்களேன், பட்டா நகல் கொண்டாரேன்” என்றான். மறுநாள் கொண்டும் வந்துவிட்டான். அது இன்னும் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

உண்மையில் அது என்ன வேலையென்றால், அமெரிக்காவில் ஒருவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் அங்கே டாக்டர் பார்த்து எழுதிவைக்கிறார். அந்தக் குறிப்பு கடல் தாண்டி திருச்சிக்கு வருகிறது. எங்கள் பெண் அதைப் படித்து, என்ன நோய், எப்படி வந்தது என்பதற்கு ஒரு நம்பர் போடுகிறாள். அந்த நம்பருக்குப் பெயர்தான் கோடு. நம்பர் சரியாக இருந்தால் இன்சூரன்ஸ்காரன் பில்லுக்குப் பணம் தருவான். நான் ஷார்ஜாவில் லாண்டரியில் நின்று அரபிகளின் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுப் படிக்க வைத்த பெண். நான் சம்பளத்துக்காக வெளிநாட்டுக்குப் போனேன். அவளுக்கு வெளிநாடு திருச்சிக்கு வந்து சம்பளம் கொடுக்கிறது. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த நம்பர்கள் இருக்கிறதே, அதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வாத்து கடித்தால் ஒரு நம்பர். வாத்து அடித்தால் வேறு நம்பர். கடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை, வாத்தோடு இதர தொடர்பு என்றால் அதற்கும் ஒன்று. “இதர தொடர்புன்னா என்னம்மா?” என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்கக்கூடாது அத்தா, டாக்டர் எழுதினா நாங்க போடுவோம், அவ்வளவுதான்” என்றாள். இப்போது சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் வீரையனின் வாத்துதான். அவனிடம் போய், வாத்து மனுசனை அடிக்குமா என்று விசாரித்தேன். அவன் கம்பை ஊன்றி நின்று நன்றாக யோசித்து, “நம்ம வாத்து அடிக்காது பாய். அமெரிக்கா வாத்துக்கு என்ன தீனி போடுறானோ” என்றான். இன்னும் கேளுங்கள். ஆமை கடித்தால் நம்பர், கோழி கொத்தினால் நம்பர், கோழிக்கூண்டுக்குள் வைத்து அடிபட்டால் அந்த இடத்துக்குத் தனி நம்பர். விமான இன்ஜின் ஆளை உள்ளே இழுத்துவிட்டால் அதற்கும் உண்டு. நான் ஷார்ஜாவுக்கு எத்தனையோ தடவை போய் வந்தவன், விமானத்துக்குள் போக ஏணிப்படி ஒன்றுதான் வழி என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் முதல் தடவை, மறு தடவை என்று வேறு பிரிக்கிறார்கள். மறு தடவை என்றால் அதே வாத்து திரும்பி வந்து அடிப்பது என்று நான் நினைத்தேன். இல்லையாம், அடிபட்டவன் திரும்ப டாக்டரிடம் வருவதாம்.

அந்த வரிசையில்தான் ஜனாப், மாமியார் மாமனார் வீட்டாரோடு ஒத்துப்போகாமல் மனம் நொந்து டாக்டரிடம் போனால் அதற்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறான். அன்று ஷிஃபாவுக்கு அப்படி ஒரு கேஸ் வந்திருக்கிறது, சந்தேகம் கேட்டாள், எங்கள் பெண் பதில் சொன்னாள். ‘போட்டுத் தள்ளு’ என்றது சீக்கிரம் வேலையை முடி என்று. இவ்வளவுதான் நடந்தது.

இதை யூனுஸிடம் விளக்கமாகச் சொல்லி உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். அது நான் செய்த முதல் தப்பு. யூனுஸ் அங்கே வந்து, “பொண்ணு சொன்ன மாமியார் நீங்க இல்லம்மா, அது அமெரிக்காவுல இருக்கற மாமியார்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே அமெரிக்காவில் ஒரு மாமியார் இருக்கிறாளா, இதை ஏன் மறைத்தீர்கள் என்று உங்கள் வீட்டம்மா கேட்க, யூனுஸ் “அது எனக்குத் தெரியாது, ஆபீஸ் விஷயம்” என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், ஆஷிகாவுக்கு எந்த நாட்டிலும் மாமியார் கிடையாது.

பிறகு நானே நாகூருக்கு பஸ் ஏறி வந்தேன். தர்காவில் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் காரைக்கால் போயிருந்தீர்கள். உங்கள் வீட்டம்மா கதவோரம் நின்று “உட்காருங்க” என்றார்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். இந்த நம்பரெல்லாம் யாரையும் குறிவைத்து வைத்ததல்ல, எல்லாருக்கும் பொது என்று புரியவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. “பாருங்கம்மா, பார்க்க ஒரு தினுசா, விபரீதமா இருக்கறவங்களுக்குக்கூட அமெரிக்காவுல ஒரு நம்பர் உண்டு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தலை நிமிர்ந்து பார்த்தேன். கண் ஆபரேஷனுக்காக முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, அதற்குள்ளே பஞ்சு, அதற்கு மேலே முக்காடு. ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது ஜனாப். அவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் வேகமாக நடந்தவன் விளக்குக் கம்பத்தில் மோதினேன். நெற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நஃபீசா ஐஸ் வைத்தாள். ஆஷிகா ஓடிவந்து, “நடந்து போய் மோதினீங்களா, வண்டியில போயா? வீட்டுக்கு வெளியிலயா?” என்று கேட்டாள். வலிக்கிறதா என்று அதற்கப்புறம்தான் கேட்டாள். விளக்குக் கம்பத்தில் மோதுவதற்கும் நம்பர் இருக்கிறதாம். அது தெரிந்தபோது, அமெரிக்காவில் என்னைப் போல நாலு பேராவது இருப்பார்கள் என்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பெண் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதினைந்து நாளாக சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் சுஹைப் தம்பியின் போட்டோவை போனில் எடுத்துப் பார்ப்பதும், நான் வந்தால் மூடுவதுமாக இருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. உங்களுக்கு அந்த வேலைதான் இடைஞ்சல் என்றால் நான் அதை நிறுத்திவிடுகிறேன். நிக்காஹ் முடிந்த அன்றைக்கே ராஜினாமா எழுதி வாங்குவது என் பொறுப்பு. அவள் வேலைக்கு மாநில அளவில் பரீட்சையெல்லாம் கிடையாது, கம்பெனி வைத்த பரீட்சைதான். ஆனாலும் அதில் தேறிய அன்று எனக்குக் கடையில் வந்து மிட்டாய் ஊட்டினாள். அதையும் விட்டுத்தருகிறேன். இதை ஆஷிகாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெண்ணின் வாழ்க்கையைவிட வேலையா பெரிது என்று நஃபீசாவிடம் கேட்டேன். அவள் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

தங்கள் தாயார் அவர்களுக்கு என் தனிப்பட்ட சலாம். பழுத்த வயதில் நாலும் தெரிந்தவர்கள். இந்தக் கடிதத்தை அவர்கள் காதில் விழும்படி உரக்க வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் மருமகளான உங்கள் வீட்டம்மா தட்ட மாட்டார்கள் என்று ஊரே சொல்கிறது. வல்ல ஆண்டவன் நம் இரண்டு வீட்டு வாசலுக்கும் நல்ல செய்தியை அனுப்புவானாக, ஆமீன்.

தங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
பக்கீர் முகம்மது.

பி.கு: கடிதத்தை ஒட்டும் முன் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். ஆஷிகா போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சுஹைப் தம்பி என்று நினைத்துத் திரும்பப் போனேன். இல்லை, மறுமுனையில் உங்கள் வீட்டம்மா. நான் நாகூர் வந்து, அவர்கள் கதவைச் சாத்திய அன்று ராத்திரியே அவர்களாகத்தான் போன் போட்டு, “ஏம்மா, மாமியார் பிரச்சினைக்கு நெசமாவே நம்பர் இருக்கா? அது என்ன நம்பர், மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்” என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து தினமும் பேசுகிறார்கள். எங்கள் யாருக்கும் தெரியாது. இன்று போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி என்னோடும் பேசினார்கள். “கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து நெஞ்சுல பாரம், தூக்கமில்ல, போன டாக்டரெல்லாம் வாயுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. எனக்கு இருக்கறது வாயு இல்லைன்னு சொன்ன மொத ஆளு ஒங்க மகதான். அவ வேலையை விட்டான்னா இந்தச் சம்பந்தமே வேணாம்” என்றார்கள். நிக்காஹ் தேதியையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஆண்பிள்ளை என்ற முறையில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மாசிக் கடைசி வெள்ளி.

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையை நிறுத்துவேன் என்ற இடத்தை ஆஷிகாவே பேனாவை வாங்கி அடிக்க வந்தாள், கடிதம் அசிங்கமாகிவிடும் என்று தடுத்துவிட்டேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இதைத் தங்கள் தாயாருக்கு மட்டும் தயவுசெய்து வாசித்துக் காட்ட வேண்டாம்.