இருபத்தாறு கிலோ கருவிக் கோளாறு

நாற்பது நாளைக்கு மனைவியோடு போனில் பேசுவதில்லை என்று ஜெபக்குமார் சபதம் எடுத்தார். சண்டை ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி.

வீடு பொன்னமராவதியில், பிஎச்.டி. கோயம்புத்தூரில். வீட்டுச் சாமான்களுக்குள் கம்ப்யூட்டரை ஒளித்துவைத்து, அது இருப்பதே தெரியாமல் சாதாரண மனிதர்களுக்கு உதவவைப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. இனிமேல் எங்கும் நிறைந்திருப்பது ஆண்டவருக்கு அடுத்தபடி கம்ப்யூட்டர்தான் என்று முழங்குவார். சோதனைக்குச் சாதாரண மனிதர் ஒருவர் தேவைப்பட்டார். பள்ளிக்கூட டீச்சரான தன் மனைவி பிளெஸ்ஸியை, அவளைக் கேட்காமலே நியமித்துவிட்டார்.

அடுப்புக்குப் பின்னால் ஒரு கருவி, தேயிலை டப்பா மூடியில் ஒன்று, அவருடைய பிரம்பு நாற்காலியின் மெத்தைக்கடியில் எடை பார்க்க ஒன்று. கேமரா கிடையாது, மைக் கிடையாது. மனிதரைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். தூரத்திலிருந்து ஆப்பில் யார் பார்த்தாலும் கூடத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். பிளெஸ்ஸியின் போனிலும் அதே ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். பார்க்கப்படுபவருக்கும் பார்க்கும் உரிமை உண்டு என்று ஆய்வில் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் கிளம்பும்போது பிளெஸ்ஸி கேட்டாள்:

"தினம் ஒரு போனாவது பண்ணுவீங்களா?"

"பண்ணக்கூடாது பிளெஸ்ஸி. நான் பேசினா ஒன் பழக்கம் மாறிரும். டேட்டா கெட்டுப்போயிரும்."

"நான் நல்லா இருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"கிராஃப்ல தெரிஞ்சிரும்."

"அப்ப சரிங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே கிடையாது. மனுஷன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் விடுதியில் ஒரு கட்டில், ஒரு ஃபேன். கோடை விடுமுறை என்பதால் மற்ற அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. பேச ஆளில்லை. கிராஃப்தான் துணை. காலை ஆறு மணிக்கு அடுப்பு எரியும், டப்பா திறக்கும். "டீ போடுறா," என்று சுவரிடம் சொல்லிவிட்டு அவரும் ஒரு டீ குடிப்பார். அவளோடு சேர்ந்து குடித்த மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம் அதுவும் இருக்காது.

சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை அவருடைய நாற்காலியில் கனம் விழுந்தது. தினமும். பிளெஸ்ஸி அந்த நாற்காலி பக்கமே வந்தவளில்லை. நம் நினைப்பு வந்துதானே உட்காருகிறாள்! எடை மட்டும் இடித்தது. பிளெஸ்ஸி ஐம்பத்திரண்டு கிலோ. நாற்காலி எழுபத்தெட்டு காட்டியது. கருவிக் கோளாறு என்று முடிவுகட்டி, இருபத்தாறு கிலோவைக் கழிக்கும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். டீச் செலவும் இரண்டு மடங்கானது. பிரிவு தாங்காமல் குடிக்கிறாள் என்று குறித்துக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் அவரால் முடியவில்லை. டேட்டா எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் ஆறரைக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவருடைய நாற்காலியில் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் நிறைந்து உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. அங்கிட்டு ஸ்டூல்ல உக்காருங்க. ஏழு மணி வரைக்கும் நான் எந்திரிக்கக்கூடாது."

"பிளெஸ்ஸி எங்கக்கா?"

"டீச்சர் நீங்க போன மறுநாளே மீமிசலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருச்சே! காலைல அடுப்பு, டப்பா, சாயந்தரம் நாற்காலின்னு எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. போட்ட டீய வீணாக்குவானேன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் குடிச்சுக்கிறோம்."

"முப்பது நாளாவா?"

"ஒரு நா லீவு போடல தம்பி!" கண்ணாத்தாளின் முகத்தில் பெருமை. "பச்சை லைட்டு எத்தன தரம் எரியுதுன்னு எண்ணி டீச்சருக்கும் சொல்லிருவேன். நேத்து நான் இருந்த நேரத்துக்கே பதினேழு தரம்."

ஜெபக்குமார் போனை எடுத்தார். முப்பத்தொரு நாளில் முதல் தடவை.

"சொல்லுங்க," என்றாள் பிளெஸ்ஸி.

"இப்படி ஏமாத்திட்டியே பிளெஸ்ஸி!"

"நான் எங்கங்க ஏமாத்துனேன்? நான் வீட்டுல இருக்கேனா இல்லையான்னு தெரிய ஒரு போன் போதும். என்னைக்குப் பண்றீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பதினேழு தரம் எட்டிப் பாக்குறவருக்கு ஒரு தரம் கூப்பிடத் தோணல."

"தப்புதான். நாளைக்கே நான் அங்க வாரேன்."

"வேணாங்க. நாப்பதுல இன்னும் ஒம்பது நாள் கிடக்கு. மிச்ச ஆராய்ச்சிய நான் முடிச்சுத் தாரேன். நீங்க அங்கயே இருங்க. என்கிட்டயும் ஆப் இருக்கு."

"தினம் பேசவாவது செய்வியா?"

"பேசக்கூடாதுங்க. ஒங்க பழக்கம் மாறிரும்."

ஏழு மணி அடித்ததும் கண்ணாத்தாள் எழுந்து, அல்வாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு வெறிச்சென்று ஆனது. கோயம்புத்தூர் அறையே தேவலாம் போலிருந்தது. ஜெபக்குமார் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தார். எழுபத்திரண்டு கிலோ ஆளை, அவர் சேர்த்த வரியின் புண்ணியத்தில், நாற்பத்தாறு என்று காட்டியது.

சட்டென்று அவருக்கு ஒரு நப்பாசை. இதைப் பார்த்தால் பிளெஸ்ஸி பதறிப்போய்க் கூப்பிடமாட்டாளா? ஆப்பை மூடிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. எங்கோ போன் மணி அடித்தது. மடியில் இருந்தது அல்ல.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கண்ணாத்தாளின் குரல் கேட்டது:

"தம்பி, ரொம்ப இளைச்சுட்டீங்களாமே! ரெண்டு இட்லி கூட வச்சுக் குடுக்கச் சொல்லி டீச்சர் எனக்கு இப்பத்தான் போன் பண்ணுச்சு!"