நெகட்டிவோடு ஒரு மாப்பிள்ளை

“பல்லி நல்லா விழுந்திருக்குது சாமி. நீ எங்கடா?” என்று போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் செல்லியம்மாள்.

மகன் சபரிநாதன் எட்டிப் பார்த்தான். சுவரில் இருந்த பல்லி வால் நுனி வரை துல்லியம். அதற்கு முன்னால் புதுச் சட்டை போட்டு நின்ற அவன் மட்டும் தண்ணீர் பட்ட கோலம் மாதிரி கரைந்து கிடந்தான்.

வேறு படமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இது பெண் வீட்டுக்குப் போக வேண்டியது. வாழப்பாடி தனப்பிரியா, ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை போனில் பில்டர் போட்டு வெள்ளையடித்து அனுப்பிய முகத்தை நம்பி ஏமாந்தவள். அதனால் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள். பிலிமில் எடுத்த படம்தான் வேண்டும், அதுவும் நெகட்டிவோடு. அவளும் அப்படியே ஒன்று எடுத்து அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து சபரிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஆடி முடிவதற்குள் அவளை வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்யும் ஜீவாதான் தன் மாமாவின் பழைய கேமராவைக் கொண்டுவந்தவன். படம் எடுத்த புண்ணியவானும் அவனே.

“போகஸ் பின்னால போயிருச்சு மாப்ள. லென்ஸைச் சித்த சுத்துனா முன்னால வந்துரும்.”

“உனக்குத் தெரியுமாடா?”

“வீல் அலைன்மென்ட் பாக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு விசயமா?”

லென்ஸ் வளையத்தைப் பிடித்திருந்த பொடித் திருகுகளைக் கழற்றினார்கள். சுற்றினார்கள். இன்னும் கொஞ்சம் சுற்றினார்கள். லென்ஸ் கையோடு வந்துவிட்டது.

“இது தனியாக் கழண்டு வருமா?”

“இப்பத்தான் எனக்கே தெரியுது,” என்றான் ஜீவா.

லென்ஸின் திருகு மரை எங்கே தொடங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாக மாட்டிப் படம் எடுத்தார்கள். சேலத்து ஸ்டுடியோவில் கழுவி வந்த படத்தில் இப்போது பல்லியும் இல்லை, சபரிநாதனும் இல்லை. கேமராவுக்கு முன்னால் பறந்த ஈ ஒன்று மட்டும் இறக்கையோடு பளிச்சென்று இருந்தது.

“ஈக்கு வேணா பொண்ணு பாக்கலாம்,” என்றாள் செல்லியம்மாள்.

ஜீவா விடவில்லை. “பிலிம் ஓடற எடத்துல பட்டர் பேப்பரை ஒட்டிப் பாத்தா உருவம் தெரியுமாம். வீடியோவுல காட்டறாங்க,” என்று ஆர்வத்தோடு கேமராவின் பின்கதவைத் திறந்தான்.

“டேய், உள்ள பிலிம் இருக்குதுடா!”

மொத்த பிலிமும் வெளிச்சம் பட்டுப் பாழானது. மிச்சம் ஒரே ஒரு ரோல்.

ஆனாலும் பட்டர் பேப்பர் கைவிடவில்லை. அதில் செல்லியம்மாள் தலைகீழாகத் தொங்கினாள். ஜீவா லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப, அவள் மூக்குத்திக் கல் மினுக்கென்று தெளிந்தது.

“வந்துருச்சு! கல்லு தெரியுது மாப்ள!”

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்தச் சூட்டோடு கடைசி ரோலை மாட்டி, காலை வெயிலில், அப்பா ஏதோ வேலையாக இருந்த புழக்கடையில் சபரிநாதனை நிற்க வைத்து, தீரும் மட்டும் எடுத்துத் தள்ளினார்கள். பிலிம் பஸ்ஸில் சேலம் போனது. படத்தை சூரமங்கலம் தரகர் அன்பரசு வாங்கி நேரே பெண் வீட்டில் கொடுப்பதாக ஏற்பாடு.

மறுநாள் டீக்கடையில் சில்லறை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டான் ஜீவா. சில்லறையோடு பொடித் திருகுகளும் வந்து விழுந்தன.

சபரிநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “திருகை மாட்டாமயேவா படம் எடுத்தே?”

“சந்தோசத்துல மறந்துட்டன் மாப்ள. லென்ஸு ஆடி ஆடிப் பின்னாலயே போயிருக்கும்.”

சபரிநாதன் உடனே அன்பரசுவைப் போனில் கூப்பிட்டான்.

“அண்ணா, அந்தப் படத்தைக் குடுத்துறாதீங்க!”

“குடுத்தாச்சுங்க தம்பி. இப்பத்தான் அவுங்க ஊட்டைவிட்டு வெளிய வாரேன்.”

“என்ற மூஞ்சி தெரியுதுங்களா?”

“மூக்கு எது, காது எதுன்னே தெரியலீங்க.”

சபரிநாதன் தலையில் அடித்துக்கொண்டான். போச்சு. அவள் கண்ணில் அவனும் ஒரு ஏமாற்றுக்காரன். “அந்த அம்மிணி என்னங்க சொல்லுச்சு?”

“சம்மதம்னு சொல்லிருச்சுங்க!”

“மூஞ்சியே தெரியாமயாங்க?”

“உங்க மூஞ்சி யாருக்குங்க வேணும்? உங்களுக்குப் பின்னால உங்கய்யன் குத்தவெச்சுப் பாத்திரம் வெளக்கறது பளிச்சுன்னு விழுந்திருக்குதுங்களே!”