சப்பாத்து அண்ணையும் உள்ளங்கையளவு ஈரமும்

கனடாவின் ஸ்காபரோவில் ஆறரை அடி மனிதர்களையெல்லாம் குனிய வைத்த ஒரே தமிழர் எங்கள் சப்பாத்து அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் கூடைப்பந்து அரங்கைத் துடைப்பது அவர் வேலை. வாசலில் மொப்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். பனியில் நடந்த சப்பாத்தோடு ஒருவரும் உள்ளே போக முடியாது. "கழட்டிப்போட்டுப் போ" என்பார், தமிழில்தான். உலகத்து மொழிக்காரர் எல்லோருக்கும் அது விளங்கியது.

போன மார்ச்சில் கல்லூரிகளுக்கிடையிலான சாம்பியன் போட்டி எங்கள் அரங்கில் நடந்தது. கோப்பை கொடுக்க விளையாட்டுச் சங்கத் தலைவர் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். நான் கெஞ்சினேன்.

"அண்ணை, அவர் பெரிய ஆள். விடுங்கோ."

"பெரிய ஆளெண்டால் பெரிய சப்பாத்து. பனி கரையக் கொட்டின றோட்டு உப்பும் கூட வரும்."

தலைவர் காலுறையோடு உள்ளே போனார். இடது பெருவிரல் ஓட்டையால் எட்டிப் பார்த்தது.

எங்கள் பெண்கள் அணி அதுவரை கோப்பையைத் தொட்டதே இல்லை. இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்னால் நின்றோம், பதினொரு விநாடி மிச்சம். எங்கள் அணியின் அபி பந்தைப் பறித்துக்கொண்டு தனியாகக் கூடையை நோக்கி ஓடினாள். மறிக்க ஒருத்தியும் இல்லை. மறித்தது யார் தெரியுமா? மொப்போடு ஓடி வந்த அண்ணை. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது எதிரணி அபியைச் சூழ்ந்துகொண்டது. அவள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. தோற்றோம்.

அபி அழுதாள். நான் நேரே அண்ணையிடம் போனேன்.

"உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? தரையில கிடந்த உள்ளங்கையளவு தண்ணிக்கோ இந்தக் கூத்து?"

"ஒராளை விழுத்த உள்ளங்கையளவு காணும், தங்கச்சி." மொப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார். "நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு பிள்ளை உப்பிடித்தான் விழுந்து முழங்கால் போனது. அண்டைக்கு நான் தேத்தண்ணி குடிக்கப் போனனான். மல்வேர்ன் பஸ்ஸில இப்பவும் அவளைக் காணுறனான். கம்பியைப் பிடிச்சுத்தான் இறங்குவாள்."

என் கோபம் ஆறவில்லை.

ஆட்டத்தைக் குழப்பினார் என்று அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். இப்போது அங்கே பேராசிரியர்கள் காலுறையோடு புத்தகம் தேடுகிறார்கள்.

இந்த மார்ச்சில் மறுபடியும் போட்டி. அரங்க வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரும் சப்பாத்தோடு போனார்கள். நான் மட்டும் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி நிமிடத்தில் அபி பந்தோடு உயரப் பாய்ந்தாள். சனம் முழுக்கக் கூடையைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். அவள் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகுதான் பந்து விழுந்ததா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.