நஷ்டக் கணக்கில் ஒரு டாக்டர் பட்டம்

“மூணு வருஷப் படிப்பு, மூணு லட்சம் பீஸு. முடிச்சிட்டு வந்தா மாசம் நாலாயிரம் சாஸ்தி. போட்ட மொதலு திரும்பவே ஆறு வருஷத்துக்கு மேல ஆவும். இது இன்னாம்மா யாவாரம்?” என்றார் சிராஜ் பாய். பழவேற்காட்டில் இறால் மொத்த வியாபாரம் அவருக்கு.

மகள் உமைரா நர்சிங்கில் எம்.எஸ்சி. முடித்து, திருவள்ளூரில் பாடம் நடத்துகிறவள். பி.எச்டி. சேர இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

“அமெரிக்காவுல டாக்டர் பட்டம் வாங்கின நர்சுங்க சம்பளத்தைப் பாருங்க வாப்பா” என்று பிரவுசிங் சென்டரில் எடுத்த தாளை நீட்டினாள்.

அவர் சம்பளத்தைப் பார்க்கவில்லை. அதே தாளில் இருந்த அமெரிக்கப் படிப்புக் கட்டணத்தைப் பார்த்தார். “ஊட்டை வித்து, வண்டியை வித்து, உங்க உம்மாவை வித்தாக்கூட பத்தாது.”

“நல்ல வெலை வந்தா நானே கெளம்பிடுறேன்!” என்றாள் அவர் மனைவி பரீதா சமையலறையிலிருந்து.

உமைரா விடவில்லை. பி.எச்டி. முடித்த தன் ஆசிரியை செல்வியிடம் பேசச் சொல்லி போனைக் கொடுத்தாள். செல்வி மேடத்துக்குப் பொய் வராது.

“என்னைவிட, காக்களூர்ல லேத்து பட்டறை வெச்சிருக்கிற என் தம்பி ரெண்டு மடங்கு சம்பாதிக்கிறான், பாய்.”

“கேட்டுக்கோ” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் சிராஜ் பாய்.

நேரில் பார்த்தாலாவது மனம் இளகும் என்று கடைசி நாளன்று அவரைக் கல்லூரிக்கே அழைத்துப் போனாள். இருபது வருஷமாக அவரோடு இறால் கொள்முதலுக்குப் போகும் கோபால்தான் வண்டி ஓட்டி வந்தான்.

கட்டணப் பொறுப்பாளர் ஆதிகேசவன் வரவேற்றார். சிராஜ் பாய் புத்தக அலமாரியில் விரலைத் தேய்த்துக் காட்டினார்.

“இன்னா சார், இவ்ளோ தூசி? கைடு எத்தினி பேரு?”

“ரெண்டு பேர்.”

“ரெண்டே பேருக்கு மூணு லட்சமா?”

“சரி பாய், உங்களுக்காக ரெண்டரை.”

“அந்த ஃபேன் சுத்துமா, சும்மா மாட்டி வெச்சிருக்கா?”

“ரெண்டு. அதுக்கு மேல இறங்க முடியாது.”

“இதுக்குப் போயி ரெண்டா? வா கோபாலு, போலாம்.” சிராஜ் பாய் எழுந்துவிட்டார். ஆதிகேசவனும் பதறி எழுந்தார்.

உமைராவுக்குக் காது கொதித்தது. மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

“நஷ்டமாவே இருக்கட்டும் வாப்பா! டாக்டருங்க பத்து நிமிஷம் பாத்துட்டுப் போயிடுறாங்க. நாள் பூரா நோயாளி பக்கத்துல நிக்கிறது நாங்க. நாங்க கண்டதை நாங்கதான் ஆராய்ச்சி பண்ணி எழுதணும். மூணு லட்சம் இல்ல, நாலு கேட்டாலும் இங்கதான் சேருவேன். என் வளையலை வித்துக் கட்டிக்கிறேன். நீங்க ஒண்ணும் தர வாணாம்!”

ஆதிகேசவன் நிதானமாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“அப்போ மூணு லட்சம்னே எழுதிடட்டுமா, பாய்?”

சிராஜ் பாய் தலையில் கைவைத்து நாற்காலியில் சரிந்தார்.

வாசலில் நின்ற கோபால் பல்லைக் கடித்தான். “இன்னா பாப்பா இப்டிப் பண்ணிட்ட? வாங்காத சரக்கை முதலாளி என்னிக்கு நின்னு குறை சொல்லியிருக்காரு? இன்னும் ஒரு நிமிஷம் கம்முனு இருந்திருந்தா ஒன்றரைக்கு முடிச்சிருப்பாரே!”