நூம்பலில் நின்ற கப்பல்

ஒரு மனிதனுக்கு இஞ்சின் ஓட்டத் தெரியும் என்பதை அந்த இஞ்சின் ஒப்புக்கொண்டால் போதாது, அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். இது நியாயமான ஏற்பாடுதான். இஞ்சினுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது அல்லவா?

ஆவடி சேக்காட்டைச் சேர்ந்த எத்திராஜ் கடற்படையில் இருபது வருஷம் போர்க்கப்பல் இஞ்சின் அறையில் வெந்தவர். ஓய்வு பெற்று வந்த மனுஷன் சும்மா இருந்தாரா? மனைவி ராஜகுமாரி தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போதே, சத்தம் சரியில்லை என்று மிக்ஸியைப் பிரித்துப் போட்டார். மறுநாள் தெருவின் பொதுத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்தார். தெருவுக்கே தண்ணீர் நின்றது.

"நீ ஊட்ல கீறது யாருக்கும் நல்லதில்லயா. மறுபடி கடலுக்கே போயிடு" என்றாள் ராஜகுமாரி.

அவருக்கும் அதுதான் ஆசை. கரையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை, காலுக்குக் கீழே எதுவும் உறுமவில்லை என்பதால். ஒரு சரக்குக் கப்பல் கம்பெனி நான்காம் இஞ்சினியர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பொங்கல் வரை காத்திருப்பார்களாம். கடற்படை அனுபவத்தை வணிகக் கப்பலுக்கு உரிய தகுதிச் சான்றிதழாக மாற்றிக்கொண்டு வந்தால் போதும்.

மாற்றித் தரும் அலுவலகம் அம்பத்தூரில், கடல்வாடை எட்டாத ஒரு மூன்றாவது மாடியில் இருந்தது. அதன் அதிகாரி சரவணக்குமார் பண்பானவர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்.

"உங்க கப்பல் சரக்கு ஏத்துச்சா?"

"குண்டு ஏத்துச்சு சார்."

"எந்த ஊர்ல இறக்கினீங்க?"

"எங்கயும் இறக்கல சார். சண்ட வரல. ஏத்தினத அப்படியே திருப்பிக் கொணாந்தோம்."

"அப்ப டெலிவரி ஆகல. டெலிவரி ஆகாத பயணத்தை வணிகப் பயணமா எப்படிக் கருத முடியும்?" அவர் வருத்தத்தோடு அடுத்த தாளைப் புரட்டினார். "அது போகட்டும். உங்க கப்பல் எங்க இருந்ததுன்னு கேட்டு எழுதினோம். ராணுவ ரகசியம், சொல்ல முடியாதுன்னு பதில் வந்திருக்கு. எங்க இருந்ததுன்னே தெரியாத கப்பல், கடல்லதான் இருந்ததுன்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"கப்பல் வேற எங்க சார் இருக்கும்?"

"அது உங்க ஊகம்."

சரவணக்குமாரே இரக்கப்பட்டு வழி சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட கப்பல் ஒன்றில் ஆறு மாதம், இடைவெளி இல்லாமல் பணியாற்றினால் போதும். சான்றிதழ் இல்லாதவரை எந்தக் கப்பலும் ஏற்றாது என்பது அவருக்கும் தெரியும். ஆகவே சான்றிதழ் இல்லாதவர்களுக்கென்றே ஒரு கப்பலை அங்கீகரித்து வைத்திருந்தார்கள். அது நூம்பலில் இருந்தது.

ஆமாம், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் நூம்பலில்தான். அங்கே ஒரு கடல்சார் பயிற்சி நிறுவனம், முழுக்க முழுக்க சிமென்ட்டில், புகைபோக்கியும் நங்கூரமுமாக ஒரு கப்பலைக் கட்டி நிறுத்தியிருந்தது. பெயர் 'சமுத்திர லட்சுமி'. உள்ளே நிஜமான டீசல் இஞ்சின் ஒன்றும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதற்கு மாலை போட்டார்களே தவிர டீசல் போடவில்லை. நிறுவனத்தின் தலைவர் கேப்டன் ஜஸ்டின். கல்லூரியில் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்தவர்.

கப்பல் நகராவிட்டாலும் ஒழுங்கு கப்பல் ஒழுங்குதான். தினமும் காலையில் 'கடல் அமைதி, அலை இல்லை' என்று குறிப்பு எழுதினார்கள். நடுக்கடலில் இருக்கும்போது யாரும் இறங்கக் கூடாது என்பதால் டீக்கடைக்குப் போகவும் தடை. கடைக்காரர் கயிற்றில் கட்டிய வாளியில் டீ அனுப்பினார்.

"இன்னாயா, ஞாயித்துக்கிழமையாச்சும் ஊட்டுக்கு வருவியா?" என்று போனில் கேட்டாள் ராஜகுமாரி.

"வர முடியாது ராஜி. கப்பல் நடுக்கடல்ல கீது."

"நடுக்கடல்னா, வேலப்பன்சாவடி தாண்டியா?"

"சிரிக்காதடி. ஆறு மாசம் பல்லக் கடிச்சிக்கினா உண்மையான கடல்."

கப்பலால் ஊருக்கும் யோகம் வந்தது. எதிரே எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 'ஹார்பர் வியூ' என்று பெயர் வைத்தார்கள். கப்பல் தெரியும் பால்கனிகள் முதலில் விற்றன. ஐ.டி. தம்பதிகள் சாயங்காலமானால் அங்கே காபிக் கோப்பையோடு நின்று கடற்காற்று வாங்கினார்கள். கல்யாண ஜோடிகள் கப்பலின் சிமென்ட் முனையில் நின்று கையை விரித்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த இடம் முன்பு ஏரியாக இருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பத்திரத்தில் தரை என்றுதான் இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. தன் பழைய இடம் என்று நினைத்து நேராக வந்துவிட்டது.

பொழுது விடிந்தபோது 'ஹார்பர் வியூ'வின் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. தரைத்தளத்துக் குடும்பங்கள் வாசல்களில் நின்று கத்தின. எத்திராஜ் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கயிற்றை வீசினார். ஏணியை இறக்கினார். கைக்குழந்தைகள், நாய்க்குட்டி, குடியிருப்புச் சங்கச் செயலாளர் கிருஷ்ணப்பிரியா, அவள் மார்போடு அணைத்திருந்த லேப்டாப், எல்லாம் ஏறின. கடைசியாக, லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் பையும் தலையில் டி.வி.யுமாக ஒருவர் வந்தார். தூக்கிவிட்டபோதுதான் முகம் தெரிந்தது. சி பிளாக் தரைத்தளத்தில் குடியிருந்த சரவணக்குமார்.

ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலைச் சங்கம் கொடுத்தது. எத்திராஜ் இஞ்சினின் மாலையைக் கழற்றி எறிந்தார். இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை அது உறுமியது. சிமென்ட் தரை அதிர்ந்தது. உள்ளே புகுந்த தண்ணீரைப் பம்பு வெளியே துப்பியது. விளக்கு எரிந்தது, குழந்தைகளுக்குப் பால் காய்ந்தது, செல்போன்களுக்கு உயிர் வந்தது. எத்திராஜுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் அவர் காப்பாற்றிய உயிர்களைவிட அன்று காப்பாற்றியவை அதிகம்.

கிருஷ்ணப்பிரியா தன் துப்பட்டாவையே பொன்னாடையாகப் போர்த்தினாள். "நீங்க எங்க தெய்வம் அண்ணா!"

எல்லாரும் கைதட்டினார்கள். சரவணக்குமாரும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பையிலிருந்து பேன்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் எத்திராஜ், நான் இங்க ஏறினதால ஒரு விஷயம் அலுவல் முறையா என் கவனத்துக்கு வந்துடுச்சு. இந்தக் கப்பலைச் சுத்தித் தண்ணி இருக்கு."

"கப்பல சுத்தி தண்ணி இருந்தா நல்லதுதானே சார்?"

"நாங்க அங்கீகரிச்சது நிலத்துல நிக்கிற கப்பலை. தண்ணியில நிக்கிற கப்பலுக்கு வேற பிரிவு, வேற கட்டடம். தண்ணி வந்த நிமிஷமே உங்க பணிக்காலம் அறுந்துடுச்சு. முதல்லேர்ந்து ஆறு மாசம் செய்யணும்."

"சார், பொங்கலுக்குள்ள போகலன்னா வேல பூடும் சார்! உன்ன இழுத்து ஏத்தினவன் நானு!"

"அந்த நன்றி தனிப்பட்ட முறையில என்னிக்கும் இருக்கும்" என்றார் சரவணக்குமார். கொஞ்சம் யோசித்துக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி வரலைன்னு இந்தப் பகுதி மக்களே எழுதிக் கொடுத்தா, என்னால மறுக்க முடியாது."

எத்திராஜுக்கு நெஞ்சு உடைந்தது. இடுப்பளவு தண்ணீரில் சாமானெல்லாம் பறிகொடுத்து நிற்கிறவர்கள், ஒருத்தனுடைய வேலைக்காக இப்படி ஒரு பொய்யில் கையெழுத்துப் போடுவார்களா? என்ன முகத்தோடு கேட்பது? தயங்கித் தயங்கிக் கிருஷ்ணப்பிரியாவிடம் போய்ச் சொன்னார்.

"அதுவா? காலையிலயே டைப் பண்ணிட்டேனே!" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். 'எங்கள் பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் புகவில்லை என உளமார உறுதி கூறுகிறோம்.' "தண்ணி வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஃப்ளாட்டை யாருண்ணா வாங்குவாங்க? உங்களாலதான் இதை பிரின்ட் எடுக்கவே கரென்ட் கிடைச்சது."

கேப்டன் ஜஸ்டினின் அறையில் பிரின்டர் இருந்தது. எத்திராஜின் இஞ்சின் கொடுத்த மின்சாரத்தில் அது சூடாகத் துப்பியது. ஈரக் கையைத் துடைத்துத் துடைத்து எல்லாரும் கையெழுத்திட்டார்கள். சி பிளாக் தரைத்தளம் என்ற இடத்தில் குடியிருப்பவராகச் சரவணக்குமார் கையெழுத்திட்டார். பிறகு அதே பேனாவால், பெற்றுக்கொண்ட அதிகாரியாகவும் இட்டார்.

"நீங்களும் போடணும்ணா" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "நீங்க யாரையும் காப்பாத்தல, இஞ்சின் ஓடலன்னு ஒரு வரி சேர்த்திருக்கோம். இல்லன்னா சந்தேகம் வரும். அந்தத் துப்பட்டாவையும் குடுத்துடுங்க, ப்ளீஸ்."

எத்திராஜ் இஞ்சினைப் பார்த்தார். அது அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்தினார். விளக்கு அணைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்றே அலுவலகத்தில் பதிவாக வேண்டும் என்றார் சரவணக்குமார். எனவே எத்திராஜே புறப்பட்டார். ஏணியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், ஒரு சொட்டும் புகவில்லை என்ற அந்தக் காகிதம் நனையாதபடி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்பத்தூரை நோக்கி நடந்தார். பால்கனிகளில் நின்றவர்கள் எல்லாரும் பதறிப்போய்க் கத்தினார்கள்: "பார்த்துப் போங்கண்ணா, பள்ளம்! காகிதம் பத்திரம்!"